வெறும் தூறல்தான்

மகள் குடையை எடுத்துக் கையில் திணித்தாள். வாங்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கதவு மூலையில் சாத்திவிட்டுக் கிளம்பினேன். ஐப்பசி மழையில் தாம்பரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீரில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். இங்கிலாந்தில் பெய்வதெல்லாம் ஒரு மழையா? கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதைப் போல நாலு சொட்டு. அதற்கு ஒரு குடையா?

இந்தக் குடை விஷயம் பின்னால் திரும்ப வரும். அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.

பிரெஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கலாம் என்று போயிருந்தேன். போன மூன்றாம் நாளே மாப்பிள்ளையிடம் கேட்டேன்: "இங்கேருந்து வார்ட்டன் எவ்வளவு தூரம் மாப்பிள்ளை?"

"பக்கம்தான் மாமா, பஸ் இருக்கு. ஆனா அங்க பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே, ஒரு ஏர்ஃபீல்டுதான் இருக்கு."

எனக்கு அதுதானே வேண்டும்.

இருபது வருடம் இந்திய விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலையும் இறக்கையையும் பழுதுபார்ப்பவனாக இருந்தேன். சார்ஜெண்டாக வெளியே வந்தேன். அதில் பதினோரு வருடம் ஜாகுவார் போர் விமானத்தோடு. அரசாங்கம் அதற்கு 'ஷம்ஷேர்' என்று பெயர் வைத்திருந்தது. லைனில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எங்களுக்கு அது 'ஜாக்'. 1979இல் முதல் ஜாகுவார்கள் அம்பாலாவில் வந்து இறங்கின. முதலில் வந்தவை பிரிட்டிஷ் விமானப் படையிடம் இரவல் வாங்கியவை. அப்புறம் 40 விமானங்களை வார்ட்டனில் கட்டி அனுப்பினார்கள். மீதி எல்லாம் பெங்களூரில் நம் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்ஏஎல்லில் செய்தது. நாங்கள் புரட்டிய மேனுவல்களில் வார்ட்டன், பிரெஸ்டன், லங்காஷயர் என்று அச்சாகியிருக்கும். மே மாத வெயிலில், ஹேங்கருக்குள் தகரம் கொதிக்க, ஹைட்ராலிக் ஆயில் படிந்த கையோடு அந்தத் தாள்களைத் திருப்பும்போதெல்லாம் நினைப்பேன்: இதை எழுதின புண்ணியவான் எப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு வியர்க்குமா?

வியர்க்காது. இப்போது போய்ப் பார்த்துவிட்டேன்.

பஸ்ஸில் மேல்தளத்தில் முன்சீட் கிடைத்தது. வார்ட்டனில் இறங்கி வேலி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது அங்கே டைஃபூன் போர் விமானங்களைப் பொருத்துகிறார்கள். ஒன்று கிளம்பிப் போனதையும் பார்த்தேன். வேலிக்கு வெளியே நின்று விமானம் பார்க்கும் கிழவன் என்று என் பேரில் யாராவது புகார் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அடுத்த ஊர் ஃப்ரெக்கிள்டன், வார்ட்டனோடு ஒட்டியதுதான். லிதம் ரோடு என்ற அதே சாலைதான் அங்கேயும் போகிறது. அங்கே போய் பஸ் ஏறிக்கொள்ளலாம் என்று நடக்க ஆரம்பித்தேன்.

பாதி வழியில் பிடித்துக்கொண்டது. தூறல் என்று நினைத்துத்தான் நடந்தேன். ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காற்று வேறு, கடல் பக்கத்திலிருந்து படுக்கைவாட்டில் மழையைத் தள்ளியது. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் செங்கல் கட்டிய ஒரு சின்ன சர்ச் தெரிந்தது, ஹோலி டிரினிட்டி. ஓடிப்போய் ஒதுங்கினேன். மழை விட்டதும் கல்லறைகளுக்கு நடுவே சும்மா நடந்தபோதுதான் அதைப் பார்த்தேன். வரிசையாகப் பெயர்கள், பெயர்களுக்குப் பக்கத்தில் வயது. நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு. எல்லோருக்கும் ஒரே தேதி.

1944 ஆகஸ்ட் 23.

நடந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுக்கப் படித்தேன். பத்து நாள் வேறு எதையும் படிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வார்ட்டன் அமெரிக்கர்கள் கையில் இருந்தது. பேஸ் ஏர் டிப்போ எண் 2 என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வரும் விமானங்களைச் சரிசெய்து, மாற்ற வேண்டியதை மாற்றி, சண்டைக்குப் போகும் படைப்பிரிவுகளுக்கு அனுப்புகிற இடம். போர் முடிவதற்குள் 10,000க்கும் மேற்பட்ட விமானங்கள் அந்த ஹேங்கர்கள் வழியாகப் போயிருக்கின்றன. பத்தாயிரம்! எங்கள் ஸ்டேஷனில் ஒரு விமானத்தின் பெரிய சர்வீஸ் முடிந்து வெளியே தள்ளினால் அன்றைக்கு சமோசா வரும். அவர்களுக்கு அப்படிக் கொண்டாட எங்கே நேரம்?

அன்று புதன்கிழமை. வேலை முடிந்த இரண்டு பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் சோதனைப் பறத்தலுக்காகக் காலை பத்தரைக்கு மேலே போயின. நாங்கள் ஏர் டெஸ்ட் என்போமே, அது. ஒன்றை ஓட்டியவர் லெப்டினென்ட் ஜான் ப்ளோமெண்டால், விமானத்தின் பெயர் 'கிளாஸி சாஸி 2'. அவரோடு இரண்டு சார்ஜெண்டுகள். கிளம்பிய சில நிமிடங்களிலேயே தெற்கிலிருந்து பெரிய புயல் வருவதாகத் தகவல் வந்து, இரண்டையும் திரும்பச் சொன்னார்கள். திரும்பி வருவதற்குள் புயல் வந்துவிட்டது. காலை நேரத்திலேயே ஊர் இருண்டுபோயிருக்கிறது. ப்ளோமெண்டால் இறங்கும் கடைசிக் கட்டத்தில் அதைக் கைவிட்டு, சுற்றி வருகிறேன் என்று ரேடியோவில் சொன்னார். இரண்டாவது விமானம் வடக்கே விலகிப் போய்த் தப்பித்தது. அதன் விமானி இவரைக் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை.

மரத்தில் இறக்கை நுனி பட்டது. அப்புறம் ஒரு கட்டடத்தின் மூலையில். இறக்கை பிய்ந்துபோக, மீதி உடல் லிதம் ரோட்டைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போனது. மூன்று வீடுகள் தரைமட்டம். அமெரிக்கச் சிப்பாய்கள் டீ குடிக்க வரும் 'சாட் சாக்' என்ற சின்ன ஸ்நாக் பார் ஒன்று, அதற்குள் இருந்த 14 பேரோடு போயிற்று. விமானத்தின் ஒரு பகுதியும் பற்றி எரிந்த பெட்ரோலும் ஹோலி டிரினிட்டி பள்ளிக்கூடத்தின் பாலர் வகுப்பில் போய் விழுந்தன. 38 குழந்தைகள். விமானத்தில் இருந்த மூவரையும் சேர்த்து மொத்தம் 61 பேர். ஒரு வகுப்பறையின் கடிகாரம் 10:47இல் நின்றிருந்தது.

பத்தரைக்குக் கிளம்பிய விமானம். பதினேழு நிமிடம்.

அதே வாரத்தில்தான் பாரிஸ் விடுதலையானது. உலகத்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் வேறு வேலை இருந்தது.

படித்த எல்லோரும் குழந்தைகளைப் பற்றித்தான் யோசிப்பார்கள், யோசிக்கவும் வேண்டும். என் மூளை மட்டும் இன்னொரு பக்கம் போய் நின்றுகொண்டது. அந்த விமானம் ஹேங்கரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தது. யாரோ ஒருவன் அதில் வேலை பார்த்திருக்கிறான். யாரோ ஒருவன் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். பத்து நாற்பத்தேழுக்கு அவன் எங்கே இருந்தான்?

இது ஏன் எனக்குத் தோன்றியது என்று சொல்ல, என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

88 மே மாதம், வடக்கே ஒரு ஸ்டேஷன். மற்ற விமானங்களைப் பக்கவாட்டில் சாய்க்கிற எய்லரான் என்ற இறக்கைத் தகடு ஜாகுவாரில் கிடையாது. இறக்கையின் மேல்பக்கம் இருக்கும் ஸ்பாய்லர்கள்தான் விமானத்தைச் சாய்க்கும். அந்த ஸ்பாய்லருக்குப் போகிற இணைப்பு ஒன்றைக் கழற்றி மாட்டும் வேலை என்னிடம் வந்தது. போல்ட், அதன் மேல் நட், நட் கழன்றுவிடாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின். பின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, கொண்டை ஊசி மாதிரி மடித்த கம்பி. ஓட்டைக்குள் நுழைத்து இரண்டு காலையும் எதிரெதிர்ப் பக்கம் வளைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கட்டுப்பாட்டு உறுப்புகளில் கைவைத்தால் இன்னொருவரும் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அவரும் பார்த்தார், போட்டார். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700 பைலட் கைக்குப் போயிற்று. விமானம் ஏர் டெஸ்ட்டுக்குக் கிளம்பிப் போனது.

அரைமணி நேரத்தில் ஆந்தி வந்தது. வடக்கே இருந்தவர்களுக்குத் தெரியும்: அடிவானத்தில் பழுப்பு நிறச் சுவர் ஒன்று எழும்பி நகர்ந்து வரும். நெருங்கியதும் வெயில் மங்கி, பல்லுக்கிடையில் மணல் நறநறக்கும். பத்தடி தள்ளி நிற்கும் டிராலி தெரியாது. நாங்கள் ஹேங்கர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே நின்றோம். திரும்பி வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. விமானம் வரவில்லை. வேறு ஊரில் இறக்கியிருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். டவரில் இருந்து மட்டும் எங்களுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பின்னை நுழைத்தேன், ஞாபகம் இருக்கிறது. கால்களை வளைத்தேனா?

யோசித்தேன். வளைத்தது மாதிரியும் இருந்தது, வளைக்காதது மாதிரியும் இருந்தது. அந்த மாதிரிப் பின்னை ஆயிரம் தடவை வளைத்திருப்பேன். எந்தத் தடவை வளைத்தது எந்த விமானத்தில் என்று கைக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடினால் இடுக்கி தெரிகிறது, பின் தெரிகிறது, ஆனால் அது நேற்றைய பின்னா இன்றைய பின்னா? நாற்பது நிமிடம் அப்படியே நின்றேன். கூட இருந்த மலையாளி ஒருவர் பீடி நீட்டினார். ஹேங்கருக்குள் பீடி பிடிக்கக் கூடாது, இரண்டு பேருக்கும் தெரியும். வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன்.

வேறு தளத்தில் பத்திரமாக இறங்கியிருந்தது. மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. பைலட் ஏணியில் இறங்குவதற்குள் பேனலைத் திறக்கும் ஸ்குரூடிரைவரோடு இறக்கைக்குப் பக்கத்தில் நின்றேன். பின் இருந்தது. இரண்டு காலும் கச்சிதமாக வளைந்து, நானே எனக்கு சபாஷ் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது. வாரண்ட் ஆபீசர் என்னடா பார்க்கிறே என்று கேட்டார். தூசி சாப், என்றேன்.

எனக்கு அந்தப் பேனலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. வார்ட்டன் ஃபிட்டருக்குக் கிடைக்கவில்லை. விசாரித்தவர்களால் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புயலின் வேகத்தில் விமானத்தின் உடலே எங்காவது உடைந்திருக்கலாம் என்பதும் அவர்கள் சொன்ன சாத்தியங்களில் ஒன்று. எரிந்து போனதில் எதைத் திறந்து எதைப் பார்ப்பது? அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில், தொண்ணூறு வயதுவரை ஒரு கிழவர் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, அந்த போல்ட்டை நான் முறுக்கினேனா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பாரோ? இது என் கற்பனை. ஆனால் அந்தக் கிழவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

லிபரேட்டரும் எனக்கு முழுக்க அந்நியம் இல்லை. தாம்பரத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த வாரண்ட் ஆபீசர் ஒருவர் இளவயதில் அதில் வேலை பார்த்தவர். லிபரேட்டர் நம் படைக்கு வந்த கதையே தனி. போர் முடிந்ததும் கான்பூரில் நின்ற லிபரேட்டர்களை இனி யாரும் பறக்க முடியாதபடி சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள் பிரிட்டிஷார். அந்தக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்து, தட்டிக்கொட்டி, ஹெச்ஏஎல் ஆட்கள் 40க்கும் மேற்பட்ட விமானங்களைப் பறக்கவைத்தார்கள். 1968 வரை நம்மிடம் பறந்தன. இன்று பிரிட்டிஷ் விமானப் படையின் அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டரே நம்மிடமிருந்து போனதுதான். உடைத்துப் போட்டவர்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறோம்! வாரண்ட் ஆபீசர் சொல்வார்: "நீட்டு இறக்கை, மெலிசு. உள்ளே குண்டு வைக்கிற இடத்துக்கு நடுவுல நடக்கிறதுக்கு ஒரு பலகை, ஒன்பது இஞ்ச் அகலம். தொப்பை வெச்சவன் லிபரேட்டருக்கு லாயக்கில்லை." எல்லோரும் அவர் தொப்பையைப் பார்ப்போம்.

போரில் செத்தவர் என்றால் எதிரி சுட்டுச் செத்தவர் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மண்ணிலேயே, ஒரு ஜெர்மன் விமானமும் எட்டிப் பார்க்காத வானத்தில், பயிற்சியிலும் மற்ற விபத்திலும் செத்த அமெரிக்க விமானப் படையினர் சுமார் 15,000 பேர். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை இழந்த 55,000 சொச்சம் பேரில் எட்டாயிரத்துக்கும் மேல் எதிரி மேல் பறக்காத நேரத்தில் போனவர்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். அவசரம், தூக்கமின்மை, மோசமான வானிலை, புது மெஷின், அதைவிடப் புதிய ஆள். போர் என்பது இந்த ஐந்தையும் ஒரே நாளில் ஒரே ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்துகிற காரியம். 1945 ஜூலையில் நியூயார்க்கில் மூடுபனியில் ஒரு பி-25 எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79ஆம் மாடியில் போய் மோதியது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், 14 பேர் இறந்தார்கள். அது பெரிய கட்டடம், அதனால் பெயர் நின்றது.

இதில் பாதிக் கேஸ்களில் விசாரணைத் தாளின் கடைசியில் 'விமானியின் தவறு' என்று எழுதி மூடிவிடுவார்கள். எனக்கு இந்தச் சொல் மேல் எப்போதுமே ஒரு கடுப்பு. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை அல்லவா. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்று ஒரு மனோதத்துவக்காரர் இதைக் கிளறினார். போர் சமயத்தில் அமெரிக்க விமானப் படையின் ரைட் ஃபீல்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பி-17 விமானிகள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை மடக்கிவிடுகிறார்கள். விமானம் வயிற்றில் படுத்துவிடுகிறது. இறங்கும்போது இறக்கையில் தாழ்த்திவைக்கும் ஃப்ளாப் என்ற தகட்டை மேலே ஏற்றுவதற்குப் பதிலாக, சக்கரத்தை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு ஆள் இரண்டு ஆள் இல்லை, திரும்பத் திரும்ப. எல்லோருமா முட்டாள்? அதே சமயம் டகோட்டா என்ற சரக்கு விமானம் ஓட்டுகிறவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யவில்லை.

சப்பானிஸ் காக்பிட்டில் போய்ப் பார்த்தார். பி-17இல் சக்கரத்துக்கும் ஃப்ளாப்புக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு சுவிட்சுகள், பக்கத்துப் பக்கத்தில். எட்டு மணி நேரம் பறந்து, பாதித் தூக்கத்தில் வருபவன் கை அதில் எதைத் தொடும்? அவர் செய்த வைத்தியம் ரொம்பச் சின்னது. சக்கரத்தின் சுவிட்ச் நுனியில் ஒரு குட்டி ரப்பர் சக்கரம், ஃப்ளாப் சுவிட்சில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு. இனிமேல் கை பார்த்துக்கொள்ளும். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கர லீவரின் நுனி உருண்டையாகச் சக்கரம் மாதிரி இருக்க வேண்டும் என்பது சட்டம். 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 'விமானியின் தவறு' என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஏராளமானவை இதே மாதிரிக் குழப்பம்தான்: இந்த லீவரை அந்த லீவர் என்று நினைத்தது, ஒரு விமானத்தில் பழகியதை இன்னொன்றில் செய்தது. எங்கள் காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. 'கவனமாக இரு' என்று மட்டும் சொல்லித்தந்தார்கள்.

பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2019 பிப்ரவரி 27, பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானங்கள் குண்டு போட்டதற்கு மறுநாள். ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பட்காமில் விழுந்தது. அதில் இருந்த ஆறு பேரும், கீழே இருந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். அக்டோபரில் விமானப் படைத் தலைவரே, நம்முடைய ஏவுகணைதான் அடித்தது, பெரிய தவறு என்று ஒத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற நாங்கள் நாலைந்து பேர் அன்றைக்குச் செய்தி பார்த்துக்கொண்டு சேலையூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. கடைக்காரரே டிவி சேனலை மாற்றினார்.

சரி, ஃப்ரெக்கிள்டனுக்கு வருகிறேன். குடைக்கும்.

விசாரணை அறிக்கையில் காரணம் தெரியவில்லை என்றுதானே இருந்தது, ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் விமானிகளில் பலர், பிரிட்டனில் புயல் என்று சொல்வதெல்லாம் வெறும் தூறல்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கேயும் இடியும் புயலும் கடுமையாக இருக்கும் என்று அவர்களுக்கு எச்சரிக்க வேண்டும். டெக்ஸாஸ் இடியையும் கான்ஸஸ் சூறாவளியையும் பார்த்து வளர்ந்த பையன்கள். இங்கிலாந்து மழை அவர்களை என்ன செய்துவிடும்?

இதைப் படித்தபோது ராத்திரி பதினொன்று இருக்கும். ஹாலில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கதவு மூலையில் அந்தக் குடை அப்படியே சாத்தியிருந்தது.

இன்னொரு விஷயமும் படித்தேன். விபத்துக்குப் பிறகு டிப்போவில் இருந்த அமெரிக்கர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, ஃப்ரெக்கிள்டன் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானம் அமைத்துக் கொடுத்தார்கள். வெளியாட்களைக் கூப்பிடாமல், வேலை இல்லாத நேரங்களில் அவர்களே மண் வெட்டிக் கல் சுமந்து கட்டியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திறந்தார்கள். அங்கே உள்ள கல்லில் தங்களை விமானப் படையினர் என்று மட்டும் போட்டுக்கொள்ளவில்லை, அண்டை வீட்டுக்காரர்கள் என்று போட்டிருக்கிறார்கள். பொது இழப்பு என்று ஒரு வார்த்தையும் உண்டு. எனக்கு அந்த அண்டை வீட்டுக்காரர்கள் என்ற சொல்லைவிட, மண் வெட்டியதுதான் புரிந்தது. அந்த டிப்போவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மெக்கானிக்குகள். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காமல் எங்களால் சும்மா உட்கார முடியாது.

முதல் தடவை மழையில் அந்த மைதானத்தைப் பார்க்காமலே வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஐந்து வயது. குடையை நானே எடுத்துக்கொண்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வானம் வெளிறிக் கிடந்தது, மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத நிறம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலையில் பெய்த மழையில் எல்லாம் நனைந்திருந்தது. கல்லில் எழுதியிருந்ததைப் படித்தேன். பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்து, பெரிய வார்த்தை வந்ததும் விட்டுவிட்டு ஊஞ்சலுக்கு ஓடினாள். வார்ட்டன் பக்கமிருந்து டைஃபூன் ஒன்று கிளம்பியது. முதலில் மெதுவாக, அப்புறம் வயிற்றுக்குள் நடுங்குகிற அந்தச் சத்தம். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கத்தினாள்: "தாத்தா, அது நீங்க ரிப்பேர் பண்ண பிளேனா?"

"இல்லம்மா. அதோட தம்பி."

"அதை யாரு ரிப்பேர் பண்றா?"

"யாராவது ஒரு தாத்தா ஆகப்போறவன் பண்ணுவான்."

அவளுக்கு அது புரியவில்லை. தூக்கி உட்காரவை என்று கையை நீட்டினாள். ஊஞ்சல் பலகையில் தண்ணீர் தேங்கியிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். துடைத்துவிட்டு, அவளைத் தூக்குவதற்கு முன்னால், மேலே சங்கிலி மாட்டியிருந்த போல்ட்டை எட்டி, நட்டில் பின் இருக்கிறதா, கால் வளைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன்.